தண்ணீர் இல்லாத ஊருணி நீர்நிலை ஆகுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊராட்சியாக இருந்து அண்மையில் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர் அவருடையது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊர் நடுவே இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான ஊருணி. வீட்டுக்கு வீடு குழாய் வரும்வரை ஊரே குடித்த தண்ணீர் அது; செருப்புக் காலோடு யாரும் படியில் இறங்க மாட்டார்களாம். வடகரையில் ஒரு கல் மண்டபம், அதை ஒட்டிக் கிளை நூலகம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஊருணி நிறையவில்லை. உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, இறைச்சிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இப்போது ஊருணியை மூடி வணிக வளாகமும் வண்டி நிறுத்துமிடமும் கட்ட நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டதாகப் பேச்சு. மண்டபமும் நூலகமும் போய்விடும் என்கிறார்கள். தெருவாசிகள் சேர்ந்து பாதுகாப்புக் குழு அமைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: தண்ணீரே இல்லாத குளத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட மண்டபத்தைத் தொல்லியல் துறை காப்பாற்றாதா? கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதுமா? உடனே ஸ்டே வாங்க முடியுமா? சாலை மறியலில் உட்கார்ந்தால், காவலர் தேர்வுக்குப் படிக்கும் தம்பி மகனுக்கு வேலை போய்விடுமா? கரையில் பதினான்கு குடிசைகள் இருக்கின்றன, அவற்றையும் அகற்றச் சொல்லிச் சேர்த்துக் கேட்கலாமா? கடைசியாக, தயங்கித் தயங்கி மூன்று வரி: ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல், மறைந்த தன் கணவரின் தம்பி சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார், இதை வழக்கில் சொல்லாமல் விட்டுவிடலாமா?

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட ஏழு கேள்விகளில் ஏழாவதுதான் மற்ற ஆறுக்கும் பதிலைத் தீர்மானிக்கப் போகிறது. அது ஏன் என்று புரிய, முதல் கேள்வியை முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

வற்றிய குளத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது

"அரசாங்கமே எடுத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும்" என்று உங்கள் குழுவில் சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. லக்னோவில் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்ட அந்த நகரின் மாநகராட்சியே ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. கட்டுமானம் பெரும்பகுதி எழும்பிய பிறகும், 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை இடித்துப் பூங்காவைப் பழையபடி மீட்டுக் கொடுக்கச் சொன்னது. பூங்கா மக்களுக்கானது, மாநகராட்சி அதைப் பராமரிக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பதுதான் அதன் சாரம். உங்கள் ஊருணிக்கும் நகராட்சிக்கும் உள்ள உறவு அதேதான்.

குளங்களைப் பற்றி இன்னும் நேரடியாகப் பேசிய தீர்ப்புகள் இரண்டு. ஒன்று 2001-இன் ஹின்ச் லால் திவாரி வழக்கு. உத்தரப் பிரதேசத்தில், குளம் என்று பதிவான நிலத்தில் ஒரு பகுதி மேடாகிவிட்டது, வீட்டுமனைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்ட வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு, குளம், குன்று எல்லாம் சமூகத்தின் பொதுச் சொத்து என்றது. மற்றொன்று 2011 ஜனவரியில் வந்த ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்திவிடலாம் என்றது மாவட்ட நிர்வாகம். அது செல்லாது என்று சொன்னதோடு, ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது நீதிமன்றம். ஊருக்கொரு குளமும் கோயிலுக்கொரு தெப்பமும் வைத்த நம் முன்னோர் அறிவில்லாதவர்கள் அல்லர் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு. நம் உயர் நீதிமன்றமும் 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில், ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பை முன்வைத்து, மாநிலம் முழுக்க நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லியிருக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் குழுவுக்கு உற்சாகம் வரும். வரட்டும். ஆனால் நகராட்சியின் வழக்கறிஞர் எடுத்து வைக்கப் போகும் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உதவியவன் ஆக மாட்டேன்.

2006-இல் சுசேதா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. நம் மாநிலத்து வழக்குதான். கேட்பாரற்றுக் கிடந்த பழைய கோயில் குளம் ஒன்றின் இடத்தில் வணிக வளாகம் கட்ட முனைந்தது ஒரு கிராம ஊராட்சி. எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர் தோற்றார். இயற்கையாக அமைந்த நீர்நிலை வேறு, மனிதர் வெட்டிய குளம் வேறு. இந்தக் குளம் நெடுங்காலமாகப் பயனற்றுக் கிடக்கிறது. பக்கத்தில் வேறு குளங்களும் இருக்கின்றன. இவைதான் காரணங்கள். உங்கள் ஊருணியும் மனிதர் வெட்டியதுதான், வற்றித்தான் கிடக்கிறது, குப்பையும் விழுகிறது.

ஆகவே உங்கள் வழக்கு திரும்பப் போகும் இடம் இதுதான்: இந்த ஊருணி கைவிடப்பட்டதா, அல்லது தண்ணீர் வரவிடாமல் தடுக்கப்பட்டதா? கைவிடப்பட்டது என்று பதிவானால் சுசேதா தீர்ப்பு உங்களைத் துரத்தும். வரத்துக்காலை அடைத்ததால்தான் வற்றியது, அடைப்பை எடுத்தால் ஒரு ஐப்பசி மழையிலேயே நிறையும், இன்றைக்கும் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று இதிலிருந்துதான் என்று காட்ட முடிந்தால், ஹின்ச் லால் தீர்ப்பும் ஜக்பால் சிங் தீர்ப்பும் உங்கள் கைக்கு வரும். இப்போது கொழுந்தனாரின் சுவர் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டு சட்டங்களை நம்பி ஏமாற வேண்டாம். ஏரி, கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அது அன்றைக்குப் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த, இப்போது நீர்வளத் துறை பார்க்கும் ஏரிகளுக்கானது. உள்ளாட்சி பராமரிக்கும் ஊருணிக்கு அது அப்படியே பொருந்தாது. 2017-இன் மத்திய ஈரநில விதிகளும் குடிநீருக்காக மனிதர் வெட்டிய குளங்களை வெளியே விட்டுவிட்டன. மனுவில் இவ்விரண்டையும் பெரிதாக எழுதினால், எதிர்த்தரப்பு முதல் நாளிலேயே அவற்றைத் தட்டிவிடும். மீதி வாதத்துக்கும் மதிப்புக் குறையும்.

முதலில் பதிவேடுகள்

"தீர்மானம் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள், எந்தத் தேதி, என்ன எண் எதுவும் கடிதத்தில் இல்லை. பேச்சை வைத்து எந்த அலுவலகமும் எந்த நீதிமன்றமும் நடவடிக்கை எடுக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டு மனு போடுங்கள். நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று: தீர்மானத்தின் நகல், அதற்கு வைக்கப்பட்ட அலுவலகக் குறிப்பு, திட்ட மதிப்பீடு, நிலத்தின் வகைப்பாட்டை மாற்றக் கோரி வருவாய்த் துறைக்குக் கடிதம் எழுதியிருந்தால் அதன் நகல், ஒப்பந்தப்புள்ளி விவரம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மற்றொன்று: அந்தப் புல எண்ணுக்கான (சர்வே எண்) 'அ' பதிவேடு, அதாவது நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய கிராமப் பதிவேடு, நிலத்தை அளந்து வரைந்த புலப்படம், நகர நில அளவை முடிந்திருந்தால் அந்தப் பதிவேடு, ஜமீன் ஒழிப்புக்குப் பின் நடந்த நிலவரித் திட்டக் காலத்துப் பழைய பதிவேடு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் முறையீடு, அதற்கும் பயனில்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம்.

பழைய பதிவேட்டையும் புதியதையும் சேர்த்துக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பல ஊர்களில் வகைப்பாடு மாறியிருக்கிறது. 'ஊருணி' என்று இருந்தது 'அரசு தரிசு' என்று ஆகியிருந்தால் நகராட்சி அதைத்தான் காட்டும். பழைய பதிவேட்டில் ஊருணி என்று இருந்து, அதை மாற்ற முறையான உத்தரவு எதுவும் இல்லையென்றால், அதுதான் உங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய சாட்சி. புலப்படத்தில் வரத்துக்காலும் கோடாக வரையப்பட்டிருக்கும். அதன் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து, பதிவு எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள். அதே மனுவை நகராட்சி ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னால் நீதிமன்றம் முதலில் கேட்பது, "அதிகாரிகளிடம் முறையிட்டீர்களா" என்பதைத்தான்.

மனுவில் வெறுமனே "வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி நிறுத்த இடம் ஊருக்குத் தேவைதான். கடை வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களும் உங்கள் ஊரில் இருப்பார்கள். நகராட்சிக்குச் சொந்தமான வேறு எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தேடி, புல எண்ணோடு எழுதுங்கள். மாற்று இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரை வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. நகர்மன்ற உறுப்பினர்களில் இரண்டு பேர் மனம் மாறினால், வழக்கே தேவைப்படாமல் போகலாம்.

மண்டபமும் நூலகமும்

நூறு வருடம் ஆனதாலேயே ஒரு கட்டடம் தானாகப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. மத்திய அரசோ மாநில அரசோ அதை அறிவிக்கை செய்திருக்க வேண்டும். சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்ட விதி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத்தான்.

மண்டபம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பக்கத்துக் கோயிலின் சொத்துப் பதிவேட்டில் அது ஏறியிருந்தால் கதையே வேறு. அறநிலையத் துறைச் சட்டத்தின்படி, ஆணையரின் ஒப்புதல் இல்லாமல், ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியிடாமல், கோயில் சொத்தை நகராட்சி எடுத்துக்கொள்ள முடியாது. தூண்களிலோ படிக்கல்லிலோ எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று காலை வெயிலில் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் தெளிவான படமெடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பி, வந்து பார்க்கும்படி கேளுங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம். ஆர்வத்தில் பலர் அப்படிச் செய்துதான் கல்வெட்டுகள் தேய்ந்துபோகின்றன.

நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதையே தடுப்பது சட்டப்படி சிரமம். அதை இல்லாமல் ஆக்குவதை எதிர்க்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. 1948-இன் பொது நூலகச் சட்டத்தின்படி நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறீர்கள். வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். அந்தப் பணத்தை நகராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். எனவே ஆணைக்குழுவுக்கே எழுதுங்கள்: நடந்து போகும் தூரத்தில் மாற்றுக் கட்டடம் தயாராகிப் புத்தகங்கள் அங்கே போய்ச் சேரும்வரை இப்போதைய கட்டடத்தைக் காலி செய்யக் கூடாது என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். 2011 நவம்பரில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய அரசு அறிவித்தபோது, இரண்டே நாளில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. இன்றைக்கும் அது நூலகமாகவே இருக்கிறது. கிளை நூலகத்துக்காக அவ்வளவு வேகமாகத் தடை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்துக்காக வாசகர்கள் நீதிமன்றம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீர்மானம், மறியல், தம்பி மகன்

உங்கள் ஊர் நகராட்சியோடு சேர்ந்த நாளிலிருந்து அங்கே கிராம சபை கிடையாது. அதனிடத்தில் 2022 முதல் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபாவும் இருக்கின்றன. உங்கள் வார்டு உறுப்பினரிடம் பகுதி சபாவைக் கூட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள். அங்கே போடும் தீர்மானம் நகர்மன்றத்தின் முடிவைத் தானாக ரத்து செய்யாது. ஆனாலும் அதற்கு எடை உண்டு. மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் பல்லாயிரம் பேர் மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எந்த நீதிமன்றமும் உத்தரவிட்டு நடந்ததல்ல அது. ஒவ்வொரு ஊரும் ஒரே குரலில், எழுத்தில், திரும்பத் திரும்பச் சொன்னதன் பலன்.

கூட்டம் கூடுவதும் கோரிக்கை வைப்பதும் உங்கள் உரிமை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, குறித்த இடத்தில் உண்ணாவிரதமோ ஆர்ப்பாட்டமோ நடத்துங்கள். சாலை மறியல் வேண்டாம். சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது என்று பிரிவுகள் வரிசையாக வரும். பெரியவர்களுக்கு அது அலைச்சலோடு முடியலாம். காவலர் தேர்வு எழுதும் பையனுக்கு அப்படியல்ல. வழக்கு இருந்தாலே வேலை போய்விடும் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் காவல் துறைத் தேர்வில் பின்னணி விசாரணை கடுமையானது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி அந்தத் துறையில் இருக்கிறது. ஒருவேளை ஏற்கெனவே அவர்மேல் வழக்குப் பதிவாகியிருந்தால், விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. மறைத்தது தெரியவந்தால், வழக்கைவிட அந்த மறைப்பே வேலையைக் கெடுக்கும். தேர்வு முடியும்வரை அவர் பதிவேடு எடுப்பது, படமெடுப்பது, மனு தட்டச்சு செய்வது என்று இருக்கட்டும். குழுவில் பணியிலுள்ள அரசு ஊழியர்கள் இருந்தால் அவர்களுக்கும் நடத்தை விதி உண்டு. அவர்களை மேடையில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் நகர்மன்றத் தலைவர் இவ்வளவு வாங்கிவிட்டார், அவ்வளவு வாங்கிவிட்டார் என்று பரவும் செய்தியை நீங்களும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஆதாரம் இல்லாமல் அதைப் பகிர வேண்டாம். அவதூறு வழக்கு ஒன்று வந்தால், குழுவின் பேச்சு ஊருணியை விட்டு அந்த வழக்குக்குப் போய்விடும்.

எந்த நீதிமன்றம், எப்போது

இன்றைக்கே ஸ்டே கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கையில் தீர்மான நகல் இல்லை. "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்" என்று அதிகாரிக்கு உத்தரவிட்டு வழக்கை முடித்துவிட வாய்ப்பு அதிகம். ஊரில் அதை வெற்றி என்று பட்டாசு வெடிப்பார்கள். அது வெற்றியல்ல. நிராகரித்து ஒரு பதில் எழுத அதிகாரிக்கு அவகாசம், அவ்வளவுதான். மறுபுறம், ஒப்பந்தம் விட்டு, லாரி லாரியாக மண் கொட்டிய பிறகு போனால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். தீர்மான நகலும் பழைய பதிவேடும் கைக்கு வந்து, வேலை உத்தரவு பிறக்கும் முன்பான இடைவெளிதான் உங்கள் காலம். அதற்குள்ளேயே மண் கொட்டத் தொடங்கினால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். தேதியோடு படமெடுத்துக்கொண்டு, இருக்கிற ஆவணத்தோடு போய்விடுங்கள்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு என்பது முதன்மையான வழி. இந்த வழக்கில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை என்று மனுதாரர் பிரமாணம் செய்ய வேண்டும். உண்மையை மறைத்தது தெரிந்தால் தள்ளுபடியோடு செலவுத் தொகையும் விதிப்பார்கள். இரண்டாவது, சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதைத் தாண்டினால் மேற்கொண்டு அறுபது நாள்தான் சலுகை. தீர்மானத் தேதி தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். மூன்றாவது, உள்ளூர் சிவில் நீதிமன்றம். பொதுத் தொல்லைக்கு எதிராக இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். அரசின் மேல் போடுவதற்கு இரண்டு மாத முன்னறிவிப்பு என்ற விதி குறுக்கே நிற்கும். அவசரம் என்று விலக்குக் கேட்கலாம். உங்கள் நிலையில் நான் மதுரைக் கிளையைத்தான் தேர்ந்தெடுப்பேன். நில வகைப்பாடு, நகர்மன்றத் தீர்மானம், மண்டபம் மூன்றையும் ஒரே இடத்தில் பேச முடியும்.

கொழுந்தனாரின் சுவரும் கரைத்தெரு வீடுகளும்

சுவரைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா என்று கேட்டீர்கள். கூடாது அம்மா. சுத்தமான கரங்களோடு வர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எழுதாத முதல் விதி. நீங்கள் சொல்லாவிட்டால், நகராட்சி நில அளவையரைக் கூட்டிவந்து அளந்து, "மனுதாரரின் குடும்பமே ஆக்கிரமிப்பாளர்" என்று எதிர்மனுவின் முதல் பத்தியில் எழுதும். அதற்குப் பிறகு ஊருணியின் வரலாற்றை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் நான் மேலே சொன்னது. அந்தச் சுவர் இருக்கும்வரை தண்ணீர் வராது. தண்ணீர் வராதவரை இது கைவிடப்பட்ட குளம்தான். நகராட்சிக்குத் தேவையான வாதத்தை உங்கள் குடும்பமே கட்டி வைத்திருக்கிறது.

கொழுந்தனாரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம்; சொத்துத் தகராறு போலத் தோன்றிவிடும். அவர் மதிக்கும் இரண்டு பெரியவர்களையும் புலப்படத்தையும் கொண்டுபோங்கள். சுவரை முழுதாக இடிக்கச் சொல்லாமல், பதிவேட்டில் உள்ள அகலத்துக்கு உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். செலவில் குழுவும் ஒரு பங்கு ஏற்கலாம். அவர் ஆகவே ஆகாது என்றால், அந்தச் சுவரையும் அகற்றச் சொல்லி மனுவில் நீங்களே கேட்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய மனம் வராவிட்டால், மனுதாரராக வேறொருவர் இருப்பதே நல்லது. அவரும் சுவரை மறைக்கக் கூடாது. இது உங்கள் குடும்பத்துக்குள் எவ்வளவு வலியை உண்டாக்கும் என்று எனக்குப் புரிகிறது. கணவர் இல்லாத வீட்டில் கொழுந்தனாரைப் பகைத்துக்கொள்வது லேசான காரியமல்ல. அதனால்தான் வழக்குக்கு முன்பே இதைப் பேசி முடிக்கச் சொல்கிறேன்.

கால் திறந்த பிறகு ஊருணியைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கழிவு கொட்டுவதை நிறுத்த நகராட்சிச் சுகாதார ஆய்வாளருக்கு எழுதுங்கள். கருவேலத்தை வெட்டவும் தூர்வாரவும் அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்தில் சேர்க்கவும் கோரலாம். அனுமதி இல்லாமல் மண் அள்ளினாலோ மரத்தை விற்றாலோ உங்கள்மேலேயே வழக்கு வரும், கவனம். ஒரு மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சுசேதா தீர்ப்புக்கு உங்கள் பதில் அந்த நோட்டுதான்.

இனி குடிசைகள். இந்தக் கேள்வி என்னை வருத்தியது. நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அங்கேயே பட்டா கிடைக்காது, உண்மை. ஆனால் ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் அகற்று என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு உத்தரவு வாங்கினால் நடப்பது என்ன? சுவர் கட்டியவர்கள் வக்கீல் வைத்துத் தடை வாங்குவார்கள். முதலில் இயந்திரம் வந்து நிற்பது கரைத்தெருவில்தான். பதினான்கு குடும்பங்கள் சாமான்களோடு வெளியே நிற்கும். அதற்கு உங்கள் மனு காரணமாகிவிடும். அந்தப் பெண்களும் அதே படியில் குடம் எடுத்தவர்கள்தானே?

அவர்கள் அதே படியில் இறங்க அனுமதிக்கப்பட்டவர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நம் ஊருணிகள் பலவற்றின் வரலாறு எனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறேன். பழைய காலத்தில் விலக்கப்பட்டவர்கள் என்றால், இன்று "நம்ம ஊருணி" என்று சொல்லி அவர்களிடம் கையெழுத்து கேட்கும் முன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டியது இன்னும் அவசியம். அவர்களைக் குழுவில் சேருங்கள். மாற்று இடத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டு, அவர்கள் பெயரில் தனி மனுவை ஆட்சியரிடம் கொடுக்கத் துணை நில்லுங்கள். உங்கள் பொதுநல மனுவிலும், மாற்று இடம் கொடுத்த பிறகே கரைத்தெருவை மாற்ற வேண்டும் என்று கோரிக்கையாகவே எழுதுங்கள். நீதிமன்றம் ஏற்குமா என்பது வேறு. கேட்க வேண்டியது உங்கள் கடமை.

மனுதாரராக உங்கள் பெயர் மட்டும் வேண்டாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து போடுங்கள், அதில் ஒருவர் கரைத்தெருக்காரராக இருக்கட்டும். வக்கீல் கட்டணத்துக்கு ஊரில் வசூல் செய்யலாம் என்று தோன்றும்; அதற்கு முன் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். 1987-இன் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வழக்கு என்றால் மதுரைக் கிளையிலுள்ள குழுவுக்கு அனுப்பி வைப்பார்கள். தீர்மான நகல், 'அ' பதிவேடு, பழைய நிலவரிப் பதிவேடு, புலப்படம், ஒப்புகைச் சீட்டுகள், உங்கள் ஆதார் நகல் எல்லாம் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். சுவரை உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்வதாகக் கொழுந்தனார் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தை மேலே வையுங்கள்.